குரலுக்குப் போட்ட கம்பியில் தரவு

1990களின் இறுதியில் வீட்டுத் தொலைபேசியோடு இணைக்கப்பட்ட மோடம், கீச்சிட்டு இரைந்து இணைப்பைப் பிடித்த பிறகும் விநாடிக்கு 56 ஆயிரம் பிட்டுக்கு மேல் கொண்டுவர இயலாமல் திணறியது. அது இயங்கும் நேரமெல்லாம் அந்த எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு ‘பிஸி’ ஒலியே கேட்டது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது, அதற்காக வீட்டுக்கு வீடு புதிய கம்பி இழுக்கப்படவில்லை. சுவரில் ஏற்கெனவே இருந்த அதே இரட்டைக் கம்பியில் பேச்சும் இணையமும் ஒன்றையொன்று இடறாமல் ஒரே நேரத்தில் ஓடின. இன்று பழைய விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கீழ்த்தளத்தில் வைக்கப்படும் ஒரு ஸ்விட்ச், அதே வகைக் கம்பியின் வழியே ஒவ்வோர் அறைக்கும் விநாடிக்கு 10 கோடி பிட்டுகளை அனுப்புகிறது. செம்பின் தரமும் கம்பியின் தடிமனும் மாறவில்லை. அப்படியானால் பழைய மோடத்தைத் தடுத்து நிறுத்திய குறுகல் எங்கே இருந்தது என்பதே இந்த அத்தியாயம் விடை தேடும் கேள்வி.

குறுகல் இருந்த இடம்

மனிதக் குரலில் செவிக்கு இன்றியமையாத பகுதி, விநாடிக்கு 300 அதிர்வுகள் முதல் 3,400 அதிர்வுகள் வரை உள்ள எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். பேச்சு புரிய இந்தச் சிறு பட்டை போதும் என்பதால், தொலைபேசி நிலையங்கள் அதற்கு மேற்பட்ட அனைத்தையும் வாசலிலேயே வடிகட்டி நீக்கின. எஞ்சியதை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாக எழுதி, 64,000 பிட்டுகளாக நாட்டின் மறுகோடிக்கு அனுப்பின. மோடம் எழுப்பிய கீச்சொலியும் ஒரு குரலாகவே நடத்தப்பட்டு இந்த வாசலின் வழியே நுழைய வேண்டியிருந்தது. 56 ஆயிரம் என்ற உச்சவரம்பு அந்த 64 ஆயிரத்துக்குள் பிறந்த எண்.

வீட்டிலிருந்து நிலையம் வரை ஓடும் செம்புக் கம்பிக்கோ 3,400 என்ற எல்லையே கிடையாது. அதன்மீது 10 லட்சம் ஹெர்ட்ஸ், அதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தினாலும் அது கடந்து செல்லும். வழியில் மெலியும், ஆனால் மறையாது. ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அந்தக் கம்பியின் மிகச் சிறிய ஓரத்தை மட்டுமே மனிதர்கள் பயன்படுத்திவந்தார்கள். நிலையத்தின் வடிகட்டிக்கு முன்பாகவே, கம்பி வந்து சேரும் இடத்திலேயே தரவைப் பிடித்துக்கொண்டால், பயன்படாமல் கிடந்த பெரும்பரப்பு கைக்கு வரும். டி.எஸ்.எல். எனப்படும் நுட்பக் குடும்பம் முழுவதும் இந்த ஓர் எண்ணத்தின்மீது எழுந்தது.

இரண்டு கம்பி ஏன் முறுக்கப்பட்டிருக்கிறது

தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1881இல் மற்றொரு காப்புரிமையையும் பெற்றார். அது இரண்டு கம்பிகளை ஒன்றையொன்று சுற்றி முறுக்கும் முறைக்கானது. பார்வைக்கு எளிய இந்த ஏற்பாடு இல்லையென்றால் பின்னாளில் வந்த எதுவுமே நடந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். அருகில் ஓடும் மின்கம்பியோ மோட்டாரோ எழுப்பும் குறுக்கீடு, முறுக்கிய இரண்டு கம்பிகள்மீதும் ஏறக்குறைய சம அளவில் விழுகிறது. பெறும் கருவி இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்பதால், இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் தானே கழிந்துபோகிறது. இவ்வாறு முறுக்கிய சோடிக்கு முறுக்கிணை என்று பெயரிடலாம். லைன்மேன்கள் அதை ‘பேர்’ என்பார்கள்.

ஒரே உறைக்குள் 25 அல்லது 50 இணைகள் அடுக்கப்படும் கேபிளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அடுத்தடுத்த இணைகள் ஒரே இடைவெளியில் முறுக்கப்பட்டால் ஒன்றின் வளைவு மற்றொன்றின் வளைவோடு எப்போதும் பொருந்தி, ஒன்றின் ஒலி மற்றொன்றில் ஏறும். எனவே ஒவ்வோர் இணைக்கும் முறுக்கின் நீளம் சற்றே வேறாக அமைக்கப்படுகிறது. குரலுக்காகச் செய்த இந்தக் கவனமே பின்னாளில் தரவுக்கும் கைகொடுத்தது.

தூரம் எடுத்துக்கொள்ளும் பங்கு

அலை கம்பியில் செல்லும்போது அதன் திறன் குறைந்துகொண்டே வருவதை மெலிவு எனலாம். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு மேற்பரப்பையே நாடுவதால், தடிமனான கம்பியும் மெல்லிய கம்பிபோல நடந்துகொள்கிறது. அதனால் அதிர்வெண் ஏற ஏற மெலிவும் ஏறுகிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு இணையில் ஒரு மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டர் கடந்தால் அதன் திறனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே எஞ்சும். மூன்று கிலோமீட்டர் கடந்தால் எஞ்சுவது 10 லட்சத்தில் ஒரு பங்கு. நான்கு மெகாஹெர்ட்ஸ் அலையோ அதே மூன்று கிலோமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்து இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

தூரத்தை 300 மீட்டராகக் குறைத்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. ஒரு மெகாஹெர்ட்ஸில் நான்கில் ஒரு பங்கும், நான்கு மெகாஹெர்ட்ஸில் பதினாறில் ஒரு பங்கும், 16 மெகாஹெர்ட்ஸில்கூட ஏறக்குறைய 250இல் ஒரு பங்கும் மறுமுனையைச் சேருகின்றன. இன்றைய மின்னணுக் கருவிகளுக்கு 250இல் ஒரு பங்கு என்பது தாராளமான அளவு. ஒரு தடம் எவ்வளவு தரவைத் தாங்கும் என்பது அதன் அதிர்வெண் பரப்பையும், இரைச்சலோடு ஒப்பிடும்போது குறிப்பலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று கிளாட் ஷானன் 1948இல் நிறுவினார். குறுகிய கம்பியில் இவ்விரண்டும் ஒருசேர வாய்க்கின்றன. நிலையத்திலிருந்து வரும் நெடுங்கம்பியைவிட ஒரு கட்டடத்துக்குள் ஓடும் கம்பி பல மடங்கு வளமானது என்பதற்கு இதுவே காரணம்.

ஆயிரக்கணக்கான துணையலைகள்

கம்பி எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கடத்துவதில்லை. சில இடங்களில் நன்றாகவும் சில இடங்களில் மோசமாகவும் கடத்துகிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர், இரு திசைக்கும் சமமான வேகத்தை வற்புறுத்தாமல் வீட்டை நோக்கிய திசைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கம்பி அதிகம் தாங்கும் என்று காட்டினார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சியோஃபி, ஒரே பெரிய அலையில் தரவை ஏற்றாமல், பரப்பு முழுவதையும் சிறு சிறு பட்டைகளாக நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு தனி அலையை ஓட்டும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1993இல் பெல்கோர் நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில் அந்த முறை தெளிவாக முந்தியது. இந்தச் சிறு அலைகளைத் துணையலைகள் என்று அழைப்போம்.

2006ஆம் ஆண்டையொட்டிப் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த வி.டி.எஸ்.எல்.2 முறையின் மிகப் பரவலான வடிவம் ‘17ஏ’ எனப்படுகிறது. அதில் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பு, 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 4,096 துணையலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துணையலையும் விநாடிக்கு 4,000 முறை தன் நிலையை மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் மிக நல்ல நிலையில் 15 பிட்டுகள் வரை சுமக்கிறது. அதாவது ஒரேயொரு துணையலை விநாடிக்கு 60,000 பிட்டுகள் வரை கொண்டுசெல்லும். பழைய மோடம் தன் முழு வலுவையும் செலவிட்டு ஈட்டியதைவிட இது அதிகம்.

இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. எந்தத் துணையலை தெளிவாக வருகிறது, எது இரைச்சலில் தவிக்கிறது என்று அளந்து, தெளிவானதற்கு அதிகப் பிட்டுகளையும், நலிந்ததற்குக் குறைந்த பிட்டுகளையும், முற்றிலும் கெட்டதற்குச் சுழியத்தையும் ஒதுக்குகின்றன. சென்னை வானொலியின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது; சென்னையை ஒட்டிய நெடிய கம்பிகள் வானலைவாங்கி போலச் செயல்பட்டு அதைப் பிடித்துக்கொள்ளும்போது, 167ஆம் துணையலையும் அதன் இரு பக்கத்து அண்டைகளும் தம் பிட்டுகளை இழக்கும். மற்ற துணையலைகள் எந்தத் தொல்லையும் இன்றித் தம் வேலையைத் தொடரும்.

சுருளும் மின்தேக்கியும்

தொலைபேசிக் கம்பியில் ஏற்கெனவே மூன்று பொருள்கள் குடியிருக்கின்றன: கருவியை இயக்கும் 48 வோல்ட் நேர்மின்னோட்டம், மணியடிக்கும்போது மட்டும் வரும் 70 முதல் 90 வோல்ட் வரையிலான மெதுவான மாறுமின்னழுத்தம், பேச்சு. இவை எல்லாம் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்குகின்றன. தரவு 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு வேலி போட்டால் போதும். கம்பிச்சுருள் உயர் அதிர்வெண்ணைத் தடுத்துத் தாழ் அதிர்வெண்ணை விடும். மின்தேக்கி அதற்கு நேரெதிராக நடக்கும். இவ்விரண்டையும் கோத்துச் செய்யப்படும் பிரிப்பான், பேச்சைத் தொலைபேசிக்கும் தரவை மோடத்துக்கும் பிரித்தனுப்புகிறது.

பிரிப்பான் இல்லாமலே தொலைபேசியை இணைத்தாலும் முதலில் எல்லாம் சரியாக இயங்குவதுபோலத் தோன்றும். கைக்கருவியை எடுத்த கணத்தில் கம்பியின் மின்தன்மை சட்டென்று மாறுவதால் தரவு இணைப்பு அறுந்துவிடும். பேசுபவர் காதில் சீறலும் கேட்கும். ‘போன் வந்தால் நெட் போகிறது’ என்ற முறையீடு எங்கு எழுந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பிரிப்பான் இல்லாமல் மாட்டிய ஒரு தொலைபேசியைத்தான்.

கட்டடத்துக்குள் வந்த ஸ்விட்ச்

கணினி வலையமைப்பில் ஸ்விட்ச் என்பது, தன்னுடன் இணைந்த ஒவ்வொரு கருவியின் முகவரியும் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு, வரும் தரவுப் பொதியை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் பெட்டி. வழக்கமான ஸ்விட்சிலிருந்து புறப்படும் ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. விநாடிக்கு 10 கோடி பிட்டு வேகத்துக்கு இரண்டு இணைகளும், 100 கோடி வேகத்துக்கு நான்கு இணைகளும் அதற்கு வேண்டும். தொலைபேசிக்காகப் போடப்பட்ட கம்பியில் பெரும்பாலும் ஓர் இணைதான் இருக்கும். அதன் நீளமும் 100 மீட்டருக்குள் அடங்கும் என்பதற்கு உறுதியில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு உருவாக்கிய ‘டயஸ்’ என்ற அமைப்பு, ஏற்கெனவே உள்ள தொலைபேசிக் கம்பியிலேயே எப்போதும் இணைந்திருக்கும் இணையத்தை விநாடிக்கு 128 ஆயிரம் பிட்டு வேகத்தில் வழங்கியது. பேச்சு நடக்கும்போது அது 64 ஆயிரமாகக் குறைந்து, பேச்சு முடிந்ததும் மீண்டும் ஏறியது. 2001இல் சிஸ்கோ நிறுவனம் ‘லாங் ரீச் ஈதர்நெட்’ என்ற பெயரில் விடுதிகளையும் அடுக்ககங்களையும் கருத்தில் கொண்டு 12, 24 போர்ட்டுகள் கொண்ட ஸ்விட்சுகளைக் கொண்டுவந்தது. அவை ஓர் இணையின் வழியே விநாடிக்கு 5 முதல் 15 மெகாபிட் (ஒரு மெகாபிட் என்பது 10 லட்சம் பிட்டு) வேகத்தை ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை எடுத்துச் சென்றன. 2004இல் ஐ.இ.இ.இ. அமைப்பு தொலைபேசிக் கம்பிமீது ஈதர்நெட்டை ஓட்டுவதற்கான தரத்தையே வகுத்தது. இன்று சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் வி.டி.எஸ்.எல்.2 முறையில் இயங்கும் ஸ்விட்சுகள்.

ஒரு விடுதியை எடுத்துக்கொண்டால்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பழைய விடுதி இருப்பதாகக் கொள்வோம். முகப்பில் அலுவலகக் கட்டடம். அதற்குப் பின்னால் தோட்டத்தினூடே கடலை நோக்கிச் சிதறி நிற்கும் 24 குடில்கள். அலுவலகத்தில் உள்ள, விடுதியின் உள்தொலைபேசிகளை இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியிலிருந்து ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு தொலைபேசி இணை, மண்ணுக்கடியில் ஓடும் ஜெல்லி கேபிள் வழியே செல்கிறது. மிக அருகிலுள்ள குடிலுக்குக் கேபிள் நீளம் 60 மீட்டர், மிகத் தொலைவிலுள்ளதற்கு 300 மீட்டர். ஈதர்நெட் கேபிளால் இந்தத் தூரத்தைக் கடக்க முடியாது; கண்ணாடி இழைக்குத் தோட்டம் முழுவதையும் தோண்ட வேண்டும். செம்பு ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது.

முதல் வேலை அந்தச் செம்பின் உடல்நிலையை அறிவது. அதற்குச் சாதாரண மல்டிமீட்டரே போதும். இணையின் இரு முனைகளிலும் எல்லாக் கருவிகளையும் கழற்றி, குடிலின் முனையில் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து, அலுவலக முனையில் மின்தடையை அளக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் செம்பு இணைக்குப் போகவரச் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 170 ஓம் என்பதால், 300 மீட்டர் குடிலுக்கு 51 ஓமை ஒட்டிய அளவு வரவேண்டும். பக்கத்துக் குடிலுக்கு 48 என்று காட்டி இந்தக் குடிலுக்கு 190 என்று காட்டினால், வழியில் ஏதோ ஓர் இணைப்பில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறது என்று பொருள். கடலோர உப்புக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் சந்திப்புப் பெட்டிகளில் இது வழக்கமாக நேர்வது. கேபிளை அசைக்கும்போது எண் துள்ளினால் கம்பி தளர்ந்திருக்கிறது. பிறகு, சேர்த்த முனையைப் பிரித்துவிட்டு மெக்கர் கருவியால் இரண்டு கம்பிகளுக்கிடையிலும், ஒவ்வொன்றுக்கும் நிலத்துக்குமிடையிலும் காப்புத்தன்மையைப் பார்க்க வேண்டும். கேபிளுக்குள் நீர் புகுந்திருந்தால் இங்கே தெரியும்.

மல்டிமீட்டருக்குத் தெரியாத ஒரு நோயும் உண்டு. முன்பு எப்போதோ திண்ணையில் இரண்டாவது தொலைபேசி வைப்பதற்காக வழியில் ஒரு கிளைக் கம்பி இணைக்கப்பட்டு, தொலைபேசி போன பின்பும் அந்தக் கிளை மட்டும் முனை திறந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். இதைத் தொங்குகிளை என்று குறிப்பிடலாம். நேர்மின்னோட்டம் அதில் பாய வழியில்லாததால் மின்தடை அளவில் அது தோன்றாது. குரலுக்கும் அதனால் தீங்கில்லை. ஆனால் உயர் அதிர்வெண் அலை கிளைக்குள் நுழைந்து, திறந்த முனையில் மோதித் திரும்பி, முதன்மைக் கம்பியில் செல்லும் அலையோடு கலக்கிறது. போகவர ஆன தூரம் அந்த அலையின் நீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், திரும்பிவரும் அலையின் மேடு செல்லும் அலையின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

இந்த அழிவையே துப்பாகப் பயன்படுத்தலாம் என்பது இந்த வேலையின் மிக அழகிய பகுதி. ஸ்விட்சை இணைத்த பின், ஒவ்வொரு துணையலைக்கும் எத்தனை பிட்டு ஒதுக்கப்பட்டது என்பதை அதன் மேலாண்மைத் திரை ஒரு வரைபடமாகக் காட்டும். நல்ல இணையில் அந்த வரைபடம் இடமிருந்து வலமாக மெல்லச் சரியும். ஏழாம் குடிலின் வரைபடத்தில் 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஆழமான குழி ஒன்றும், 15 மெகாஹெர்ட்ஸில் மற்றொன்றும் தெரிவதாகக் கொள்வோம். கம்பியில் அலை விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 மீட்டர். அதில் பாதி 20 மீட்டர். போகவர 20 என்றால் கிளையின் நீளம் 10 மீட்டர். அதே கிளை மும்மடங்கு அதிர்வெண்ணிலும் குழி பறிக்கும் என்பதை 15 மெகாஹெர்ட்ஸ் உறுதிப்படுத்துகிறது. பணியாளர் குடிலுக்குச் சென்று, வழியெங்கும் தடவித் தேடாமல், 10 மீட்டர் நீளமுள்ள மறந்துபோன ஒரு கம்பியைத் தேடினால் போதும். இரு திசைகளுக்குமான வழக்கமான அதிர்வெண் பங்கீட்டில் 3.75 முதல் 5.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை குடிலிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் திசைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், இந்தக் குடிலில் தங்குபவர் படம் பார்ப்பதில் பெரிய குறை காணாமல், படம் அனுப்புவதில் மட்டும் தாமதத்தை உணர்வார். கிளையை வெட்டிய மறுநிமிடம் குழி தூர்ந்துவிடும்.

ஜம்பரை மாற்றுதல்

இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்கு அருகே எம்.டி.எஃப். எனப்படும் இணைப்புச் சட்டம் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் இ.பி.ஏ.பி.எக்ஸ்.ஸிலிருந்து வரும் இணைகளும், மறுபக்கத்தில் குடில்களுக்குச் செல்லும் இணைகளும் க்ரோன் மாட்யூல்களில் முடிந்திருக்க, இரண்டையும் ஜம்பர் வயர்கள் இணைத்திருக்கும். பிரிப்பான் உள்ளமைந்த 24 போர்ட் ஸ்விட்சின் முகப்பில் 50 முள் கொண்ட இரண்டு பெரிய இணைப்புவாய்கள் உண்டு. ஜம்பரை நீக்கி, இ.பி.ஏ.பி.எக்ஸ். பக்கத்தை ஒன்றுக்கும், குடில் பக்கத்தை மற்றொன்றுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். அதாவது பேச்சு ஸ்விட்சின் பிரிப்பானைக் கடந்து, தரவோடு சேர்ந்து குடிலுக்குப் போகிறது. அந்தப் பிரிப்பான் வெறும் சுருளும் மின்தேக்கியுமாக இருக்கும் வரை, ஸ்விட்சுக்கு மின்சாரம் நின்றாலும் தொலைபேசி நிற்காது; அவசர அழைப்பு முக்கியமான இடங்களில் வாங்கும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஐம்பது முள்ளில் 25 இணைகள். அவற்றில் 24 மட்டும் பயன்படும். இணைகளின் வரிசை நிறத்தால் அறியப்படுகிறது: வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என முதல் ஐந்து; பின் சிவப்போடு அதே ஐந்து; அவ்வாறே கறுப்பு, மஞ்சள், ஊதா. ஓரிடத்தில் ஓர் இணை தவறினால் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் ஒன்று தள்ளிப்போய், எட்டாம் குடிலுக்கு அழைத்தால் ஒன்பதாம் குடிலில் மணியடிக்கும். எனவே தரவைத் தொடும் முன் 24 குடில்களுக்கும் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுவது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும். கம்பியை மாட்யூலில் அழுத்தும்போது முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. குரலுக்கு அது பொருட்டில்லை, 17 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சில சென்டிமீட்டர்களும் குறுக்கீட்டுக்குக் கதவு திறக்கும். கேபிள் வெளியில் ஓடுவதால் ஒவ்வோர் இணைக்கும் மின்னல் காப்பும், சட்டத்துக்கு நல்ல நில இணைப்பும் கட்டாயம். குடிலில் ஒரு மோடமும், தொலைபேசிக்கு முன்னால் ஒரு பிரிப்பானும் வைத்தால் கம்பிவேலை முடிகிறது.

மேலாண்மைத் திரையில் செய்ய வேண்டியவை சிலவே. ஆலையில் வைத்த கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும். அடுத்து 17ஏ வடிவம். அதன் பிறகு இரைச்சல் இடைவெளி. அதாவது, இப்போது இருப்பதைவிட இரைச்சல் எவ்வளவு கூடும் வரை இணைப்பு தாங்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை அளவு. வழக்கமாக இது 6 டெசிபெல். இரைச்சல் நான்கு மடங்காகும் வரை தாங்கும் என்பது இதன் பொருள். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரங்களில் மட்டும் ஒரு குடிலின் இணைப்பு அறுந்தால், அந்தப் போர்ட்டுக்கு இதைச் சற்று உயர்த்தலாம். வேகம் கொஞ்சம் குறைந்து உறுதி கூடும். ஒரு குடிலின் கணினி மற்றொரு குடிலின் கணினியைக் காணாதபடி போர்ட்டுகளைத் தனிமைப்படுத்துவதும் விருந்தினர்களுக்குச் செய்ய வேண்டிய அடிப்படைக் கடமை.

அண்டைக் கம்பியின் பேச்சு

முதல் குடிலை மட்டும் இணைத்துப் பார்த்தால் 100 மெகாபிட்டை ஒட்டிய வேகம் கிடைத்து மகிழ்ச்சி தரும். குடில்கள் ஒவ்வொன்றாக இணைய இணைய, முன்பு இணைந்தவற்றின் வேகம் சிறிது சிறிதாக இறங்கும். ஒரே உறைக்குள் ஓடும் இணைகள் உயர் அதிர்வெண்ணில் ஒன்றின் அலையை மற்றொன்றுக்குள் கசியவிடுவதால் இது நேர்கிறது. இதற்குக் குறுக்குப்பேச்சு என்று பெயர். முறுக்கின் நீள வேறுபாடு அதைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. ஆகவே எல்லாக் குடில்களும் இயங்கும்போது கிடைக்கும் வேகத்தையே விடுதியின் உண்மையான வேகமாகக் கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. 60 மீட்டரில் உள்ள குடிலின் மோடம் முழுத் திறனில் அனுப்பினால், 300 மீட்டரிலிருந்து மெலிந்து வந்துசேரும் குடிலின் அலையை அதன் கசிவே மூழ்கடித்துவிடும். எனவே அருகிலுள்ள மோடம் தன் திறனைத் தானே தாழ்த்திக்கொள்ளும் ஏற்பாடு வி.டி.எஸ்.எல்.2 தரத்திலேயே இடம்பெற்றுள்ளது. தமக்குத் தேவையில்லாத வலுவை அருகிலுள்ளோர் விட்டுக்கொடுத்தால்தான் தொலைவில் உள்ளோர் பேச முடியும் என்ற ஏற்பாடு ஒரு பொறியியல் தரத்துக்குள் எழுதப்பட்டிருப்பது மனத்தை ஈர்க்கும் செய்தி. அதை ஸ்விட்சில் அணைத்துவைத்து, அருகிலுள்ள குடிலுக்குச் சில மெகாபிட் கூடுதலாகப் பெற முயல்வது தவறு.

2010இல் வந்த ‘வெக்டரிங்’ முறை இன்னும் ஒரு படி மேலே சென்றது. எந்த இணையிலிருந்து எந்த இணைக்கு எவ்வளவு கசிகிறது என்று ஸ்விட்ச் இடைவிடாமல் அளந்து, அந்தக் கசிவுக்கு நேரெதிரான அலையை முன்கூட்டியே கலந்து அனுப்புகிறது. கசிவும் எதிரலையும் குடிலைச் சேரும்போது ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. கேபிளில் உள்ள எல்லா இணைகளும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால் மட்டுமே இது முழுப்பயன் தரும். பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே கேபிளைப் பங்கிடும் தெருவில் இதை நிறைவேற்றுவது கடினம்; ஒரே உரிமையாளரின் தோட்டத்தில் எளிது.

எங்கே எல்லை

செம்பு எத்தனை அகலமாக இருந்தாலும், ஸ்விட்சிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு 200 மெகாபிட் என்றால் 24 குடில்களும் அந்த 200ஐத்தான் பங்கிட வேண்டும். வேகம் போதவில்லை என்ற முறையீடு வரும்போது, குடிலுக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் உள்ள வேகத்தையும், ஸ்விட்சுக்கும் வெளியுலகுக்கும் இடையில் உள்ள வேகத்தையும் தனித்தனியே அளந்தபின்தான் கம்பியைக் குறை சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கைப் பின்பற்றாமல் நல்ல செம்பைத் தோண்டி எறிந்த இடங்கள் உண்டு.

2014இல் தரமாக்கப்பட்ட ‘ஜி.ஃபாஸ்ட்’, பரப்பை 106 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து ஓர் இணையில் நூற்றுக்கணக்கான மெகாபிட்டுகளைத் தருகிறது. அத்தனை உயரத்தில் மெலிவு கடுமையாக இருப்பதால் ஏறக்குறைய 250 மீட்டரைத் தாண்டினால் அதன் ஆதாயம் கரைந்துவிடும். விடுதியின் கடைசிச் சில குடில்களுக்கு அது உதவாது. புதிதாகக் கட்டும் கட்டடத்தில் செம்பை நாட எந்தக் காரணமும் இல்லை. கண்ணாடி இழையே அங்கு சரியான தேர்வு. மண்ணுக்குள் நல்ல நிலையில் கேபிள் கிடக்கும் இடத்தில், மின்தடை அளவு ஒழுங்காகவும், தொங்குகிளைகள் நீக்கப்பட்டும், எல்லாக் குடில்களும் ஒருசேர இயங்கும்போது கிடைக்கும் வேகம் தேவைக்குப் போதுமானதாகவும் இருக்கும் வரை, கடப்பாரையை எடுக்கத் தேவையில்லை.